மகளிடம் போகாத கார்

கோவில்பட்டியில் தங்கப்பழத்தின் கார் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, தெருமுனைக் குழாயடிக்குத் தானே போய்க் குளித்து, பால்பண்ணையில் அரை லிட்டர் பால் வாங்கி, பக்கத்து வீட்டு வேனுடன் ஐந்து நிமிடம் அரட்டையடித்துவிட்டு வாசலுக்குத் திரும்பியது. 2094-இல் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் ஒன்பது மணிக்கு நடந்தது. தங்கப்பழம் வெள்ளை வேட்டி கட்டி, ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்றார். கார் அசையவில்லை.

அவருடைய ஒரே மகள் சுடர்க்கொடி அன்று பகல் ஒரு மணிக்குக் குலசேகரன்பட்டினம் விண்துறைமுகத்திலிருந்து செவ்வாய்க் குடியிருப்புக்குப் போகிறாள். பதினான்கு வருட ஒப்பந்தம். வழியனுப்பும் வாசலைப் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். தங்கப்பழத்துக்கு வயது எழுபத்திரண்டு. இன்று பார்த்தால்தான் உண்டு. வாடகைக் காருக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும், மனுஷர் சொல்லவில்லை. சொந்தக் கார் இருக்கிறது என்ற தெம்பு, வேறென்ன.

"பதினோரு வருசமா ஒன்னைய பெத்த புள்ள மாதிரி வச்சிருந்தேனே! இன்னைக்குப் பாத்துக் கழுத்தறுத்துட்டியே!" என்று ஸ்டீயரிங்கைக் குத்தினார். கைதான் வலித்தது.

மெக்கானிக் முப்பிடாதி இரண்டு தெரு தள்ளி இருப்பவள். கூப்பிட்ட பத்தாவது நிமிடம் பெட்டியோடு வந்து, மூடியைத் திறந்து, காருக்கு அடியில் படுத்து, எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"பேட்டரி நெறஞ்சு கெடக்கு அண்ணாச்சி. மோட்டார் புதுசு கணக்கா இருக்கு. ஒயர எலி கடிக்கல. வண்டிக்கு ஒரு கொறையுமில்ல."

"பொறவு ஏன் கெளம்ப மாட்டேங்கு?"

அவள் தாடையைச் சொறிந்தாள். பிறகு காரைப் பார்த்து, "சலூனுக்குப் போ" என்றாள். கார் சட்டென்று பத்தடி நகர்ந்தது. நிறுத்தி, "மில்லு முதலாளி வீட்டுக்குப் போ" என்றாள். இன்னும் வேகமாக நகர்ந்தது. "அண்ணாச்சி மவகிட்டப் போ" என்றாள். விளக்கெல்லாம் அணைந்து கார் கல்லாய் நின்றது.

"ஆத்தாடி!" என்றாள் முப்பிடாதி.

அந்தக் காலத்துக் கார்களில் இருக்கைக்கு அடியில் பழக்கப்பேழை என்றொரு சின்னப் பெட்டி உண்டு. வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்கிறாரோ, அதைப் பார்த்துப் பார்த்துக் கார் தானும் அப்படியே நடக்கப் பழகும். விற்கும்போது இதைத்தான் பெரிய வசதி என்று சொல்லி விற்றார்கள். முப்பிடாதி பேழையில் கம்பியைச் சொருகி, கைத்திரையில் ஓடியதை வாசித்தாள்.

"முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முன்னாடியே கெளம்பியிருக்கீக. சீட்டுக் கச்சேரிக்கு டாண்ணு கெளம்பியிருக்கீக. மவ பட்டம் வாங்குன அன்னைக்கு, 'அப்பா பாதி வழி வந்தாச்சு'ன்னு காரை விட்டே சேதி அனுப்பச் சொல்லிட்டு, ரெண்டு மணி நேரம் வாசல்ல நிறுத்தியிருக்கீக. மவ ஆஸ்பத்திரியில கெடந்தப்போ மூணு மணி நேரம்."

தங்கப்பழம் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம புள்ளதானேம்மா. கொஞ்ச நேரம் நின்னா என்ன, கோவிச்சுக்கவா போறான்னு…"

"அதையேதான் அதுவும் படிச்சிருக்கு. பெரிய விசேசம்னா மவ ரொம்ப நேரம் நிக்கணும். இன்னைக்கு நாலு மணி நேரம்னு முடிவு பண்ணியிருக்கு. 'ஒம்பது மணிக்கே பொறப்பட்டாச்சு'ன்னு மவளுக்குச் சேதியும் அனுப்பியிருக்கு."

மனுஷருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அதை அழிச்சுத் தொலையேன்!"

"அழிச்சா வண்டி ஓடவே மறந்துரும். ஒரே வழிதான் இருக்கு. நீங்க உள்ள உக்காந்து, கார் கேக்க, மவகிட்ட உண்மையச் சொல்லணும். பழக்கம் மாறுதுன்னு அதுக்குத் தெரியணும்."

கேட்க எத்தனை சுலபம்! பொய் சொல்லியே பழகிய வாய்க்கு உண்மை புதுச் செருப்பு மாதிரி கடிக்கும். மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுத் தங்கப்பழம் மகளை அழைத்தார்.

"அம்மா கொடி… அப்பா இன்னும் கெளம்பலம்மா. வீட்டு வாசல்லதான் நிக்கேன். எப்பவுமே இப்படித்தான் நின்னிருக்கேன். அப்பா வந்துருதேன். நீ வாசலுக்கு வந்து நில்லு, என்னா?"

பதில் உடனே வரவில்லை. தயங்குகிறாள் என்று நினைத்தார். குரல் வந்தபோது மெலிந்து கேட்டது.

"மொத தடவையா உண்மை சொல்லியிருக்கீகப்பா. நானும் சொல்லிருதேன். நான் நேத்தே கப்பல் ஏறிட்டேன். நெலாவத் தாண்டிட்டோம். அதான் பேச்சு லேட்டா வருது."

செவ்வாய்க்குத் தினம் ஒரு கப்பல் போகிற காலம் அது. எந்தக் கப்பல் என்று யார் பார்த்தார்கள்? மகள் சொன்ன தேதியைத்தான் அவர் நம்பியிருந்தார்.

"இன்னைக்குன்னு சொன்னியேட்டி! பெத்த அப்பனையே ஏமாத்திட்டியே! ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

மறுபடியும் சில நொடிகள்.

"நேத்துன்னு சொல்லியிருந்தா கடைசி நிமிசம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு நின்னிருப்பேன்ப்பா. கதவு சாத்துனதும் அழுதுக்கிட்டே ஏறியிருப்பேன். இப்ப அப்படி இல்ல. அப்பா வராததுக்கு, நாள மாத்திச் சொன்ன நாந்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா ஏறிட்டேன். கோவிச்சுக்காதீக. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

இணைப்பு அறுந்தது. தங்கப்பழம் கைப்பேசியை மடியில் வைத்தார். முப்பிடாதி கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

அப்போது காரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மோட்டார் இதமாக முனகியது. குலசேகரன்பட்டினம் போகும் பாதையைத் திரையில் காட்டி, வழியில் நெரிசல் இல்லையென்றும், வாசல் சாத்துவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே மகளிடம் சேர்த்துவிடுவதாகவும் கார் பணிவாகச் சொன்னது.