பூக்குழியில் நின்றவன்

"எல்லாரும் ஓடித்தான் சார் தாண்டுவாங்க. எங்க ஆனந்தன் நடுக்குழியில நின்னுகினு சிரிச்சான்."

காயத்ரி செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் துப்பறிவாளர் காசிநாதனிடம் வந்திருந்தாள். நேற்றுத் தீமிதியில் அவள் தம்பியின் பாதங்கள் இரண்டும் வெந்துவிட்டன. சாராய வாடை இல்லை. உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்கினார்கள். ஊரோ அம்மன் இறங்கினாள் என்று குலவை போட்டது. போலீஸ் "சாமி விஷயம்மா" என்று கையை விரித்தது. காசிநாதனின் உதவியாளர் ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை கூட்டத்தில் ஒருத்தர்கூடவா அவனை இழுக்கவில்லை?

"கண்ணு எப்டிம்மா இருந்துது?" என்றார் காசிநாதன் நிதானமாக.

"பக்கவாட்டுல ஆடிகினே இருந்துது சார்."

"இன்னா சாப்ட்டான்?"

"காப்பு கட்னவன் சார், வெளியாளு கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டான். நான்தான் குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தேன். கசக்குதுக்கான்னான். வெறும் வயித்துல நாக்கு அப்டித்தான்டான்னேன். போன வருஷம் சுட்டதும் குழியவிட்டு ஓடிட்டான்னு ஊரே கிண்டல் பண்ணுச்சு. அவன் சிநேகிதன் ஹேமந்த் ஒருத்தன்தான் அவன்கூட நின்னான்."

ஹேமந்துக்குத் திருவிடந்தை அருகே ஒரு ரிசார்ட்டில் வேலை. மூவரும் அங்கே போனார்கள்.

"நீதானே அவனுக்குக் குடுத்தே?" என்று ரோகிணி பாய்ந்தாள்.

"இன்னாக்கா பேஜாரு பண்றீங்க? காப்பு கட்னவன் என் கையால வாங்குவானா? அம்மன் மேல சத்தியம், நான் குடுக்கல!"

ரோகிணிக்கு எரிச்சலாக வந்தது. அவன் சொன்னது நியாயம்தானே.

"சத்தியம் சரிதான்," என்றார் காசிநாதன். "காயத்ரி, குளுக்கோஸ் யார் வாங்கியாந்தது?"

அவள் பார்வை ஹேமந்த் பக்கம் திரும்பியது.

"குளுக்கோஸ் கசக்காதும்மா. குடிச்சவனா இருந்தாலும் நெருப்பு சுட்டா துள்ளி ஓடுவான். இவன் கண்ணு ஆடுது, வலி தெரியல, தன் ஒடம்பையே யாரோடதோ மாதிரி விட்டுட்டு நிக்கறான். ஆபரேஷனுக்குப் போடற கெட்டமின் அப்டித்தான் செய்யும். ரிசார்ட் பார்ட்டியில கைமாறுற சரக்கு அது. இன்னாடா, அதானே?"

ஹேமந்த் தலைகுனிந்தான். "அதான் சார். குளுக்கோஸ் பொட்டலத்துல போட்டு வெச்சேன். வலிக்காம தாண்டிடுவான்னு நெனச்சேன். நல்லதுதானே பண்ணேன்?"

"வலிதாண்டா போன வருஷம் அவனைக் காப்பாத்துச்சு!" காசிநாதன் குரல் உயர்ந்து ரோகிணி அன்றுதான் கேட்டாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மருந்தின் பெயரைச் சொன்னாள். எவ்வளவு கலந்தது, யார் கலந்தது என்று டாக்டர் கேட்டார். காயத்ரி போனை வாங்கிக்கொண்டாள்.

"பொட்டலம் பூரா போட்டேன் டாக்டர். நான்தான் கலந்தேன். விரதத் தண்ணி, எச்சில் ஆயிடும்னு ருசி பாக்கல."