யோகநாதனின் கோப்புறை

யோகநாதனின் கோப்புறையில், கடைசியாக மாற்றப்பட்ட நாளாக அன்றைய திகதி விழுந்திருந்தது. சென்ற மாரியில் குளத்து மதகைப் பார்க்கப் போன அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தியேட்டி என்னும் இறுதிக் கிரியை செய்யப்படாத ஒருவரின் இடத்தைக் கலைக்கலாகாதென்று, கணினியிலிருந்த அவருடைய கோப்புறையை எவரும் தொட்டதில்லை. கணினியின் கடிகாரம் பிசகியிருக்கும் என்று, அவருடன் வேலை பார்த்த கமலாசனி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கிளிநொச்சியின் ஓரத்திலிருந்த அந்தச் சிறிய நீரளவை அறையின் ஓட்டுக்கூரையில் பிற்பகல் முதலே மழை ஓயாமல் அறைந்துகொண்டிருக்க, பழைய யுனிக்ஸ் கணினியின் விசிறி முனகிக்கொண்டிருக்க, சுவரிலிருந்து நனைந்த சுண்ணாம்பின் வாடை மெல்லப் பரவியது. இருள்வதற்குள் புதிய வெள்ள எச்சரிக்கை நிரலை அவள் நிறுவியாக வேண்டும். குளத்துக்குக் கீழே, வட்டக்கச்சியில், தங்கை ஜெயரூபி கைக்குழந்தையுடன், அந்த நிரல் ஊதவைக்கும் அபாயச் சங்கையே நம்பியிருந்தாள்.

எங்கே நிறுவுவது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த முகவரி நிரலுக்குள் பதிந்துவிடும். பின்னர் இடம் மாற்றினால், அது தன் உறுப்புகளைத் தானே தேடி அலையும். பொதுக் கோப்புறையில் வைத்தால் மதகை இயக்கும் பழைய நிரலின் பாகங்கள் அழியக்கூடும். அவளுடைய கோப்புறையோ மழைப் பதிவுகளால் நிரம்பியிருந்தது. வெற்றிடம் இருந்தது யோகநாதனுடையதில் மட்டுந்தான்.

தேநீர் கொண்டுவந்த காவலாளி வீரபாகு, அவளுடைய எண்ணத்தைக் கேட்டதும் குவளையை வைக்க மறந்து நின்றார்.

“அவருக்கு இன்னும் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. அந்த இடம் வேண்டாம்.”

“இடம்பெயர்ந்து திரியேக்க ஆக்களில்லாத வீடுகளில நாங்கள் இருக்கேல்லையோ, அண்ணை?”

அவர் குவளையை வைத்துவிட்டு மதகடிக்குப் போனார். அந்நாளில் அயலார் வீட்டுக்குள் நுழையுமுன் தாய் வாசலில் நின்று சொல்லும் வாக்கு அவளுக்கு நினைவு வந்தது. பாதி விளையாட்டாகத் திரையைப் பார்த்து அதையே சொன்னாள்.

“யோகநாதன் அண்ணை, கொஞ்ச நேரம் இருக்கிறன். நீங்கள் வந்தா உடனே எழும்பிடுவன்.”

முகவரியைத் தட்டினாள். வரிகள் ஓடி இறங்கின, நிரல் நிறுவப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கோப்பின் உரிமையாளராகவும் யோகநாதனின் பெயரே இருந்தது. கணினியில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று வினவினாள்.

இருவர். அவள். அவர்.

இருவருக்கும் அதே திரை. அதே விசைப்பலகை.

குளத்துச் சேற்றின் வாடை. அவள் இருந்த கதிரைக்கடியில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

கோப்புகள் மறையத் தொடங்கின. நீர்மட்டத்தைப் பார்ப்பது. சங்கை ஊதச் செய்வது. ஒவ்வொன்றாக.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. ஜெயரூபி.

“எழும்புறன், அண்ணை,” என்றாள். எழ முயன்றாள்.

முடியவில்லை. மடி கனத்தது. ஈரத் தலைமயிர் அவளுடைய வாயோடு ஒட்டியது.

கைப்பேசி அதிர்ந்துகொண்டேயிருந்தது. அவளுடைய விரல்களின்மேல், நீரில் ஊறி வெளிறிய வேறு விரல்கள் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன.