சிக்னல் விழும் இடம்

ஹாலின் நடுவில் சுவரும் இல்லை, தூணும் இல்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும் கார்த்திகாவின் போனில் வைஃபை கோடுகள் ஒருசேர விழுந்தன. ஓர் எட்டு முன்னால் வைத்தாள்; திரும்ப வந்தன. பின்னால் நகர்ந்தாள், விழுந்தன. ஆள் ஒருவர் நிற்கிற அளவுதான் இருக்கும் அந்த இடம்.

மடவார் வளாகம் பகுதியில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த இந்தப் பழைய வீட்டுக்கு அவள் குடிவந்ததே மாமனாருக்காகத்தான். வத்திராயிருப்பில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கண்ணுச்சாமி வரப்பிலேயே சரிந்து, ஒரு பக்கம் விளங்காமல் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு வேண்டியிருந்தது. புருஷன் ஜெயபாண்டி ராணுவத்தில், காஷ்மீரில் இருந்தான். அவளோ ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கிறவள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று மில்லில் இறங்கிவந்தார்கள். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து அறுந்து போனதில் மானேஜருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஆபீசுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டார். அவள் ஆபீசுக்குப் போனால் மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை.

அதனால்தான் ஆல்வினைக் கூப்பிட்டாள். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர், நாற்பது வயதைத் தாண்டியவர், நிதானமான மனுஷன். வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டுத் திட்டம் சொன்னார். வாசல் நிலைக்கு மேலே ரவுட்டர். அங்கிருந்து சுவருக்குள் பதித்த பழைய பைப் வழியாக மாடியறைக்கு ஒரு கேபிள். அவள் கம்ப்யூட்டர் அதில்தான் ஓடவேண்டும், காற்றை நம்பக் கூடாது. இன்னொரு கேபிள் மாமா படுத்திருக்கும் பின்னறைக்கு. அங்கே தனியாக ஒரு வைஃபை பெட்டி. மற்ற இடங்களுக்கு ரவுட்டரே போதும்.

ஹாலின் நடுவைப் பற்றிக் கேட்டபோது தாடையைச் சொறிந்தார்.

"சுவரு சிக்னலத் திங்கும்மா. இரும்பு திங்கும். தண்ணித் தொட்டி ரொம்பத் திங்கும். மனுச ஒடம்பும் தண்ணிதான? நடுவுல ஒரு ஆளு நின்னாக்கூடக் கொறையும்."

"இங்கன யாரும் நிக்கலையேண்ணே."

அவர் சிரித்தார். பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதுவதாக இருக்கும், கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு மனசு அடங்கவில்லை. சாக்பீசை எடுத்து, சிக்னல் விழுகிற இடத்தைச் சுற்றித் தரையில் கோடு போட்டாள். மறுநாள் காலையில் அந்த வட்டத்துக்குள் நின்றபோது கோடுகள் நிறைந்திருந்தன. விழுகிற இடம் இரண்டு எட்டு தள்ளி, உள்பக்கமாகப் போயிருந்தது. அங்கேயும் கோடு போட்டாள். அதற்கடுத்த நாள் இன்னும் உள்ளே. வட்டங்கள் ஹாலில் ஆரம்பித்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு, பின்னறை வாசலைப் பார்த்துப் போயின. ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். துடைத்த பிறகும் அந்தப் பாதையில் கால் வைக்கப் பிடிக்காமல், சுவரோரமாகவே நடந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் போனைப் பிடித்துப் பார்ப்பாள். துணி உலர்த்தப் போகையில் பாதியில் திரும்பிவந்து பார்ப்பாள். மாமாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் இடது கையில் போன் இருக்கும்.

கேபிள் போட ஆல்வின் வந்த அன்று மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்கு முன்பே வீடு இருட்டிவிட்டது. காற்றில் எங்கோ பால் காய்ச்சுகிற தித்திப்பு வாசமும், அதற்கு அடியில் சுவர்களிலிருந்து ஊறும் பழைய சுண்ணாம்பின் ஈர வாசமும் வந்தன. கீழே ஹாலில் இருந்து அவர் பைப்புக்குள் கம்பியைத் தள்ளுவது, மேலே மாடியறையில் அவள் நுனியைப் பிடித்து இழுப்பது என்று ஏற்பாடு. இரண்டு தரம் வெட்டி இழுத்தால் நிறுத்து என்று அர்த்தம்.

சுவரோரம் குத்தவைத்துப் பைப்பின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கம்பி உரசுகிற சத்தம் கீழேயிருந்து சரசரவென்று ஏறி வந்தது. நுனி எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தாள். தங்குதடையில்லாமல் வந்தது, வழுவழுவென்று, கை ஈரமாகிற மாதிரி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. போதும் என்று தோன்றியதும் இரண்டு தரம் வெட்டி இழுத்தாள்.

நின்றது.

பிறகு கீழேயிருந்து பதில் வந்தது. இரண்டு தரம். மெதுவாக. கம்பியின் மறுமுனையைப் பிடித்திருக்கிற கை, விளையாட்டுக்குச் செய்கிற மாதிரி.

அவளும் இழுத்தாள். அதுவும் இழுத்தது.

"யம்மா, மழைக்கு வண்டிய ஓரமா நிப்பாட்டப் போனேன். நீங்க ஏன் கம்பியத் தனியா இழுக்கீக?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மாடிப்படியின் தலைப்பில் ஆல்வின் சட்டை நனைந்து நின்றுகொண்டிருந்தார்.

அவள் கையிலிருந்த கம்பி இன்னொரு தரம் இழுபட்டது. இருவரும் பார்த்தார்கள். அது விரல்களிலிருந்து நழுவி, மொத்தமும் பைப்புக்குள் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டது. கீழே தரையில் கம்பிச்சுருள் விழுகிற சத்தம் கேட்டது.

ஆல்வின் குனிந்து பைப்பின் வாயைப் பார்த்தார். எடை தாங்காமல் சரிந்திருக்கும் என்றார். அதன் பிறகு பைப்பை விட்டுவிட்டு, மாடிக்குப் படிச்சுவரின் மேலேயும், பின்னறைக்கு நிலையோரமாகவும் கேபிளை வெளியே தெரியும்படி ஆணியடித்துக் கொண்டுபோனார். பின்னறையில் பெட்டியை மாட்டும்போது கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். போகும்போது, பைப்பின் இரண்டு வாயையும் சிமெண்டு வைத்து அடைத்துவிடச் சொன்னார்.

அதன் பிறகு லைன் அறுபடவேயில்லை. மில் மானேஜர் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது மாதிரி கேட்டது. ஹாலில் போனைப் பிடித்துக்கொண்டு மூலைமூலையாக நடந்தாள். எங்கேயும் சிக்னல் விழவில்லை. நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. வீட்டுக்குள் இருந்த ஒன்று இப்போது எங்கே போனது என்ற கேள்வி, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அடைமழை பிடித்த ஒரு சாயங்காலம் கரண்டு போனது. இன்வெர்ட்டரில் ரவுட்டரும் பின்னறை வைஃபை பெட்டியும் மட்டும் ஓடின, இரண்டு விளக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜெயபாண்டி வீடியோவில் வந்தான். பனியில் முகம் கறுத்திருந்தது. அப்பாவைப் பார்க்கவேண்டும் என்றான். பேசிக்கொண்டே பின்னறைக்குள் நுழைந்தாள்.

அவன் முகம் அப்படியே உறைந்தது.

தலைக்கு மேலே வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரம். போனில் ஒரு கோடுகூட இல்லை.

கண்ணுச்சாமி கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தார். மத்தியானம் அவள்தான் அவரை நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தாள். அவரால் தானாகப் புரள முடியாது.

"மாமா, நீங்களா திரும்புனீக?"

அவர் கண்ணை மட்டும் திருப்பினார். வாய் கோணி, எச்சில் ஒழுக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"செத்த... தள்ளிப் படுக்கச் சொல்லுச்சு. குளுருதாம்."

அவருக்குப் பக்கத்தில் மெத்தை வெறுமையாக இருந்தது. அமுங்கியிருந்தது. தலை வைக்கிற இடத்திலிருந்து கால் வரைக்கும்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவள் ஓடவில்லை. மூலையில் நின்ற அவருடைய சக்கர நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்து, அமுங்கிய இடத்தைத் தொடாமல் மேலே குனிந்து, மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கை போன இடம் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் எடை போனதும் அவர் படுத்திருந்த பக்கம் மெத்தை எழும்பியது.

மற்றப் பக்கம் எழும்பவில்லை.

நாற்காலியைத் தள்ளினாள். நிலையில் இடித்தது. திருப்பித் தள்ளினாள். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்காருகிற சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. ஹால். சாப்பாட்டு மேசை. வாசல். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்ததும் மழைச்சாரல் முகத்தில் அடித்தது.

ரவுட்டருக்கு நேர் கீழே நின்றாள். நீட்டிப் பிடித்திருந்த கையில் ஜெயபாண்டியின் குரல் உயிர் பெற்றது.

"கார்த்தி, என்னாச்சு? ஏட்டி, பேசு."

பதில் சொல்லப் போனை முகத்துக்குக் கொண்டுவந்தாள். குரல் தேய்ந்தது. அறுந்தது. கையை நீட்டினாள், "கேக்குதா?" என்றான் தெளிவாக. மறுபடி கொண்டுவந்தாள், கொஞ்சம் கொஞ்சமாக. முழங்கை மடங்க மடங்கக் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒன்றும் இல்லை.

நாற்காலியில் இருந்து கண்ணுச்சாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் பார்த்தார்.

கைநீளத்துக்கு அப்பால் புருஷன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அசையாமல் நின்றாள். காதோரம் நனைந்து ஒட்டியிருந்த முடியை ஏதோ ஒன்று மெதுவாக, பதனமாக, பின்னால் ஒதுக்கிவிட்டது.