லீவன் வெட்டிய செபப்புத்தகம்

கண்ணாடிச் சட்டங்கள் உள்பக்கமாக வியர்த்திருந்தன.

கொடலீவ கடைவாசலிலேயே நின்றுவிட்டாள். புரூஜ் நகரத்துக் கால்வாய்களின் மூடுபனி கதவிடுக்கு வழியே அவளோடு உள்ளே நுழைந்தது. ஆனால் கடைக்குள் அடித்தது பனியின் வாடை அல்ல, நனைந்த மாட்டுத் தொழுவத்தின் வாடை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைவலி கண்ட பெண்கள் வயிற்றின்மேல் வைத்துக்கொண்ட அவர்கள் வீட்டுச் செபப்புத்தகம், தாள் தாளாக வெட்டப்பட்டு, அந்தச் சட்டங்களுக்குள் சுவர் முழுக்கத் தொங்கியது. சாகும்போது அம்மா முத்தமிட்ட நீல மாதா, பொன் இலைக்கொடிகளுக்கு நடுவே, விலைச்சீட்டோடு நின்றாள்.

"லீவன், என்னடா பண்ணி வச்சிருக்க?"

உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் சாவதானமாக வந்தது. "முழுப் புத்தகத்த யாருக்கா வாங்குவா? தாளா வெட்டினா ஆளுக்கொண்ணு மாட்டிக்குவாங்க."

"உன் ஒருத்தன் சொத்தாடா அது? அம்மா மூச்சு பட்ட தாளுடா."

"தாளு இல்லக்கா, அந்தக் காலத்துல எழுதப் பதப்படுத்தின கன்னுக்குட்டித் தோலு. கன்னுக்குட்டிக்கே இல்லாத வருத்தம் உனக்கெதுக்கு?"

சிரித்தான். அவளுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. கத்தி மறுபடி தோலில் இறங்கும் கரகரப்பு கேட்டது. ஒவ்வோர் இழுப்புக்கும் சுவரிலிருந்த தாள்கள் ஒருசேரச் சுருங்கி விரிந்தன. ஹீட்டர் சூடுதான் என்று சொல்லிக்கொண்டு கிட்டப் போனாள். லத்தீன் வரிகளுக்கு இடையே வெள்ளை ரோமம் முளைத்திருந்தது.

மூச்சு. சுவர் முழுக்க மூச்சு.

நிறுத்துடா என்று கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை. வெட்டட்டும், அவனே படட்டும் என்று ஆத்திரத்தில் விட்டுவிட்டாள்.

"அக்கா." இப்போது குரலில் சிரிப்பில்லை. "இங்க கொஞ்சம் வாயேன்."

"நீயே வாடா, என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

"கத்தி என் கையில இல்லக்கா."

கரகரப்பு நிற்கவில்லை. அவள் அசையவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள். கோபம் எப்போது பயமாயிற்று என்று தெரியவில்லை. பிறகு சத்தம் ஓய்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். சட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

உள்ளே போனாள். நாற்காலியில் அவன் சட்டை, பொத்தான் கழற்றாமல். மேசையில் செபப்புத்தகம். முழுசாக. தைத்து. மூடி.

திறந்தாள். கடைசித் தாள் புதிது. மை இன்னும் ஈரம். ஓரத்தில், பொற்கொடி சுற்றி வளைத்துப் போன இடத்தில், லீவன் தோளில் இருந்த அதே அம்மை குத்திய தழும்பு.

விரலால் தொட்டாள். இளஞ்சூடு.

தாள் புல்லரித்தது.