பதினான்காவது உம்

மூன்றாவது உம் விழுந்துவிட்டது. தவசிலிங்கத்தின் தலையில் மாட்டியிருந்த உணரித் தொப்பியில் பச்சை விளக்கு ஒன்று மின்னி அணைந்தது. அவர் மனைவி கோமு அப்போதுதான் மூச்சே விட்டாள். இன்னும் பதினொன்று விழ வேண்டும்.

"நிறுத்தாதீங்கம்மா, பேசிக்கிட்டே இருங்க," என்றார் டாக்டர் கிருபாகரன்.

காற்றாலைக் கோபுரத்தில் பழுது பார்க்க ஏறியவர் தலைகீழாக விழுந்து ஏழு மாதம் ஆகிறது. கண் திறந்திருக்கிறது, பார்வை எதிலும் நிற்பதில்லை. திறந்த கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று சொல்லத்தான் இந்த அகவிழிப்புமானி. "வலது கையை அசைப்பதாக நினையுங்கள்" என்று கட்டளை போட்டுப் பார்த்த காலம் மலையேறிவிட்டது. அடிபட்ட மூளை கட்டளைக்கு எழுந்து வருவதற்குள் களைத்துவிடுகிறது; உள்ளே விழித்திருந்த பலரை அப்படித் தவறவிட்டார்கள். ஆனால் பிறர் பேசும்போது உம் கொட்டுகிற பழக்கம் லேசில் போவதில்லை. தொண்டை அசையாவிட்டாலும், சொல்கிறவர் நிறுத்தும் இடத்தில் கேட்கிறவர் மூளையில் ஒரு சின்ன அலை எழும். அதற்கு இசைவு அலை என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டு மனிதர் ஒருவர் பேச வேண்டும். இருபது இடத்தில் நிறுத்த வேண்டும். பதினான்கு உம் விழுந்தால் மீட்பு வார்டு. தினமும் மூளைத் தூண்டலும் பயிற்சியும் உண்டு, ஒருநாள் பேச்சே வரலாம். விழாவிட்டால் நெடுந்துயில் இல்லம். அங்கே குழாயில் கஞ்சி போகும், வேளைக்கு வேளை புரட்டிப் படுக்க வைப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. தவசிலிங்கத்துக்கு இது மூன்றாவது.

"மாடித் தொட்டி திரும்பவும் ஒழுகுது பாத்துக்கிடுங்க," என்றாள் கோமு. பச்சை விளக்கு. "கொத்தனார வரச் சொன்னா, இன்னா வாரேன் அன்னா வாரேன்னு போக்குக் காட்டுதான்." பச்சை. "மேல வீட்டுச் செல்லத்தாய் மக கல்யாணத்துல சாம்பாருக்கு உப்பே இல்ல." பச்சை.

பதினைந்து நிறுத்தத்தில் பதின்மூன்று உம். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சந்தோஷப்பட வேண்டிய கோமுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்த மனுஷர் இருபத்திரண்டு வருஷமாக எதையும் காதில் வாங்காமலேயே உம் கொட்டிய மனுஷர். ஒருமுறை, "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் கசியுது" என்று அவள் அலறியதற்கும், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் என்றவர். அந்த உம் மட்டும் மிச்சமிருந்து ஆள் போயிருந்தால்? வெறும் உம்முக்குச் சோறூட்டி, தலைவாரி, பதில் வருமென்று எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பது? நினைக்கவே பயமாக இருந்தது. தெரியாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

இன்னும் ஐந்து நிறுத்தம் பாக்கி, தேவை ஒன்றுதான். ஒன்றை வீணாக்கினால் என்ன குடிமுழுகிவிடும்?

"ஏங்க," என்று அவர் காதருகே குனிந்தாள். "ஒங்க பைக்க எந்தம்பிக்குக் குடுத்துட்டேன்."

அந்த பைக்கைத் தொடக்கூட அவர் யாரையும் விட்டதில்லை. அதிலும் அவள் தம்பி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

விளக்கு எரியவில்லை.

கோமு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருக்கிறார்! கேட்டுக்கொண்டிருக்கிறார்! கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, நேரம் போகுது."

"சும்மா சொன்னேங்க. பைக்கு வீட்லதான் நிக்கி," என்றாள் அவசரமாக. விளக்கு எரியவில்லை. "ஒங்க மேல சத்தியமா, சாவி எங்கிட்டதான் இருக்கு." இல்லை. அப்போதுதான் தன் முட்டாள்தனம் உறைத்தது. கோபம் வந்தால் தவசிலிங்கம் கத்துகிற ரகம் இல்லை, வாயை மூடிக்கொள்கிற ரகம். ஒரு தீபாவளிக்கு மூடிய வாயைப் பதினோரு நாள் கழித்துத்தான் திறந்தார். "ஏங்க, ஒங்க கால்ல விழுதேன், ஒரே ஒரு உம்முங்க!" இல்லை. "நம்ம மகளுக்காவது ஒரு உம்மு!" அதற்கும் இல்லை.

கருவி 'அகவிழிப்பு இல்லை' என்று எழுத்தில் காட்டிவிட்டு அணைந்தது.

"கடைசியில விட்டுட்டாரேம்மா," என்று டாக்டர் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

"அவிய விடல டாக்டர், கோவிச்சுக்கிட்டாவ! கேட்டாத்தான கோவம் வரும்?"

"இசைவைத்தாம்மா கருவி அளக்கும். கோபத்தை அளக்க அதுக்குத் தெரியாது." அவர் கைக்கணினியை எடுத்து இடமாற்றப் படிவத்தைத் திறந்தார்.

"அப்போ ஆமாஞ்சாமி போடுதவனுக்குத்தான் அறிவு இருக்கா? முடியாதுங்கவன் பொணமா?"

"உம்," என்றார் டாக்டர், நோயாளியின் எண்ணைத் தட்டியபடி.

"பன்னெண்டு நாள் பொறுத்து இன்னொருக்கா சோதிங்க. கோவம் ஆறிரும். எனக்குத் தெரியாத மனுசனா?"

"உம்."

கோமு அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்த தலை நிமிரவில்லை, விரல் நிற்கவில்லை.

"டாக்டர்," என்றாள் மெதுவாக, "ஒங்க கண்ணாடி மேல பல்லி உக்காந்திருக்கு."

"உம்," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போட்டார்.