கட்டம் பதினேழு காலி!

போன் அலறியது.

பகல் பதினொன்று பத்து. கடல் திட்ட அலுவலகத்தின் தரைத்தளம். ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் எடுத்தாள்.

"மேடம்... மாடிக்கு வந்துடாதீங்க..."

கிசுகிசுப்பு. மேப் வரைபவரின் குரல். ஒல்லி உடம்புக்காக ஆபீஸே 'ஸ்கேல்' என்று கூப்பிடும் மனுஷன்.

"ஏன், என்னாச்சு?"

"எவனோ என் கம்ப்யூட்டரைக் கழட்டறான்... நம்ம மேப்பு..."

தொப்!

அப்புறம் சத்தமே இல்லை.

வராதே என்றால் கேட்கிற ஜென்மமா அவள்? ஓடினாள். பாதிப் படியில் ஒரு செருப்பு கழன்று உருண்டது.

மாடி வராந்தாவில் ஸ்கேல் குப்புறக் கிடந்தார். தலையெல்லாம் ரத்தம். மூக்கருகே விரல் வைத்தாள்...

மூச்சு இருந்தது!

மேஜை மேல் கம்ப்யூட்டர் இல்லை. அறுந்த ஒயர்கள் மட்டும். பின்பக்கப் படிக்கட்டின் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

இது திருட்டு இல்லை. கட்டம் பதினேழு!

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எது கப்பலுக்கு, எது வலைக்கு என்று ஒதுக்கும் திட்டம். பதினேழாம் கட்டத்தில் 'காலி' என்று எழுதியிருந்தார்கள். அங்கே பதிவான படகு ஒன்றுகூட இல்லையாம். ஒரு கம்பெனி முப்பது வருஷத்துக்கு வேலி போடக் காத்திருந்தது.

ஆறு மாதம் கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்குத்தான் தெரியும். படகே இல்லாமல், அங்கே இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்! 'கேள்விக்காரி' என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அவர்கள்தான். அவர்கள் சொல்லச் சொல்ல ஸ்கேல் வரைந்த மேப், இன்று மூன்று மணிக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

ஸ்கேலைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்கு, ஆபீஸ் டைரக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

"இல்ல சார்... போலீசுக்கு..."

"நான் சொல்லிட்டேன். மேப்புக்கு வேற காப்பி இருக்கா?"

"பையில... பென் டிரைவ்ல."

"அப்பாடா! தனியா போகாதே. என் கார்லயே வா."

ஏறினாள். அப்பா மாதிரி மனுஷன் என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

"பாவம் ஸ்கேல்," என்றார், ஸ்டியரிங்கைத் திருப்பியபடி. "போன் பேசிட்டிருக்கறப்ப அடி விழுந்தா எப்படி சுதாரிக்க முடியும்?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

போன் வந்ததை அவள் இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை!

ஜன்னலைப் பார்த்தாள். கூட்டம் நடக்கும் மண்டபம் வலப்பக்கம். கார் இடப்பக்கம் திரும்பியது.

"சார்... வழி..."

"தெரியும்."

கதவைத் திறக்கப் பார்த்தாள். லாக்!

பதினேழாம் கட்டத்துக் கரையில், அலைத்தடுப்புக் கற்கள் முடிகிற இடத்தில் கார் நின்றது. காக்கா குருவி இல்லை. சிப்பி எடுக்கும் பெண்கள் எல்லாரும் இந்நேரம் மண்டபத்துக்குக் கிளம்பியிருப்பார்கள்...

இழுத்துக்கொண்டுபோய்க் கற்களின் விளிம்பில் நிறுத்தினார்.

"குடு."

"சார், இருநூத்திப் பன்னெண்டு குடும்பம் சார்..."

"குடுக்கறியா... இல்ல, ஸ்கேலுக்குப் போட்ட மாதிரி உனக்கும் ஒண்ணு போடட்டுமா?"

பை நழுவியது. அவரே கிளறிப் பென் டிரைவை எடுத்தார். கடலில் ஓங்கி வீசினார். ப்ளக்!

"அவ்ளோதான். கட்டம் பதினேழு மறுபடியும் காலி!" சிரித்தார். "நீ போலீஸ்ல சொன்னாலும் சாட்சிக்கு எங்கே போவே?"

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து தள்ளுவான்... இதோ, தள்ளப்போகிறான்...

"எவண்டா அவன்... ஆள் தலையில குப்பையைப் போடறவன்?"

குரல் கீழேயிருந்து வந்தது!

பாறை அடியில், கழுத்தளவு தண்ணீரில், ஒரு தலை. கையில் தூக்கிப் பிடித்த சிப்பிப் பை. பக்கத்தில் இன்னொரு தலை முங்கி எழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஐந்து... பத்து... இருபது!

"ஏய் கேள்வி! கூட்டத்துக்கு முன்னாடி ஒரு பை ரொப்பிக்கலாம்னு எறங்கினோம். நீ ஏண்டி இப்படி நடுங்கறே?"

"அக்கா... இவர்தான்... ஸ்கேலை..."

"கேட்டோம், கேட்டோம். நல்லாத்தான் காதுல விழுந்துச்சு."

டைரக்டர் ஓடத் திரும்பினார். ஈரச் சேலைகளோடு பாறையேறி வந்தவர்கள் காருக்கும் அவருக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றார்கள். அவர் முகத்தில் சற்று முன்பு அவள் முகத்தில் இருந்த வெளுப்பு!

அவள் போன் போட்டதும் வந்த இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். "சாட்சி எத்தனை பேரும்மா?"

முதலில் தலை நீட்டியவள் கூந்தலைப் பிழிந்தபடி சொன்னாள்:

"எண்ணிக்கோங்க சார்... ஆனா இந்த ஆபீசர் ஒத்துக்க மாட்டாரு. அவரு கணக்குல நாங்க இன்னும் பொறக்கவே இல்ல!"