நிலவுச் சுரங்கத்தில் ஒரு சொல்லின் வேர்

நிலவின் தென்முனைப் பனிச்சுரங்கத்தில் அன்று துளைப்பான்கள் ஓடவில்லை. எல்லாரும் உணவுக்கூடத்தில் சொல்வேர்மானியின் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். ஒப்பந்தச் சொல்லில் சண்டை வந்தால் அதன் வேர்ப்பொருளே செல்லும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். வேரைத் தேடிச் சொல்வதும், அந்தப் பொருள் யாருக்குப் பொருந்தும் என்று பதிவுகளைப் பார்த்து முடிவு கட்டுவதும் அந்த இயந்திரத்தின் வேலை.

செங்கமலம் பூமியை விட்டு வந்தபோது அவள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பணிக்காலம் முடிந்துவிட்டது. ஆனால் ‘ஃப்ரீயாக இருப்பவர் மட்டுமே திரும்பலாம்’ என்ற ஒப்பந்த வரியைக் காட்டி, மேலாளர் தயாபரன் கப்பலில் ஏற்ற மறுத்தார். சுரங்கத்தில் பனி இருக்கும்வரை யாரும் ஃப்ரீ இல்லை என்பது அவர் வாதம். வேர்ப்பொருள் எப்போதும் முதலாளி பக்கமே சாயும் என்று நம்பி, சொல்வேர்மானியை வரவழைத்ததும் அவர்தான்.

இயந்திரம் பேசியது. ஃப்ரீ என்ற சொல்லின் வேருக்கு ‘நேசிப்பது’ என்று பொருள். நாம் பேச்சில் புழங்கும் பிரியமும் அதே வேரில் கிளைத்ததுதான். பழங்காலத்தில் வீட்டின் பிரியத்துக்குரிய உறவுகள் ஃப்ரீ, மற்றவர்கள் அடிமைகள்.

தயாபரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நல்லதாப் போச்சு. இங்க எல்லாரும் கூலிக்கு வந்தவங்க. யாருக்கு யாரு உறவு?”

இயந்திரம் சுரங்க வானொலிப் பதிவுகளை ஓடவிட்டது.

“மச்சான், கால எடு, பாறை சரியுது.”

“சித்தப்பு, குறட்டைய மைக்குல விடாதீங்க.”

“செங்கமலக்கா, உன் சிலிண்டர் காலியாகுது. என்னோடதுல மாட்டிக்க.”

ஊர் வேறு, சாதி வேறு என்றாலும் முறை வைத்துக் கூப்பிட்டே பழகியவர்கள் அவர்கள். அதை ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைத்ததில்லை. இயந்திரம் அத்தனை பேரையும் ஃப்ரீ என்று அறிவித்தது. கூடம் அதிர்ந்தது.

கப்பலின் கதவு அந்தத் தீர்ப்பின்படி ஆளை அடையாளம் கண்டு திறந்தது. கடைசி ஆளாக, விடுப்பில் ஊருக்குப் புறப்பட்ட தயாபரன் வந்து நின்றார். அவருக்குத் திறக்கவில்லை. அதே ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போட்டவர்தானே. இத்தனை ஆண்டுப் பதிவுகளில் அவரை ‘சார்’ என்பதைத் தவிர யாரும் வேறெப்படியும் அழைத்ததில்லை.

உள்ளே எல்லாரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். அவள் இருக்கைப் பட்டையை இழுத்துக் கட்டினாள். மகளுக்கென்று எடுத்து வைத்த நிலவுக் கல்லை மடியில் பத்திரப்படுத்தினாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“தம்பி, வர்றியா, இல்ல இங்கயே இருக்கியா?”

கதவு திறந்தது.